வேலியை அடைப்போம்



ஓர்ஸ் ஹில்லுக்கு எம்மைத் தேடி வருவோர் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றனர்: "காணி கிடைத்தால் போதுமா சுவாமி? இன்னொருமுறை ஓட வேண்டி வராதா?" இப்பாடத்தில் அதையே சிந்திப்போம்.

நோக்குவோம்

யானை வேலியை முறித்துப் பயிரை அழித்தால் நாம் மறுபடி நடுகிறோம். முறிந்த இடத்தை அடைக்காவிட்டால் யானை அதே வழியால் வரும். நட்டஈடும் வீட்டுத்திட்டமும் மறுநடுகை போன்றவை. குற்றம் செய்தவர் பதில் சொல்ல வேண்டிவரும் என்ற நிலையே வேலி.

நமது மாவட்டத்தையே பாருங்கள். 1996 பெப்ரவரி 11இல் குமாரபுரத்தில் சிறுவர் உட்பட இருபதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். வழக்கு அனுராதபுரத்துக்கு மாற்றப்பட்டது. இருபது ஆண்டுகளின் பின், 2016இல், குற்றஞ்சாட்டப்பட்ட ஆறு முன்னாள் இராணுவத்தினரும் விடுதலையாயினர். 2006 ஜனவரி 2இல் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர் கொல்லப்பட்டனர். அவ்வழக்கிலும் 2019இல் அதிரடிப்படையினர் 13 பேர் விடுவிக்கப்பட்டனர்.

2006இல் சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தனர். அடுத்த ஆண்டு அவர்களின் ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. 2015இலேயே மீள்குடியேற்றம் தொடங்கிற்று. ஒன்பது போகம் அல்ல, ஒன்பது ஆண்டு!

தீர்மானிப்போம்

உண்மை, நீதி, இழப்பீடு, மீள நிகழாமை என நான்கு கடமைகளை உலகம் ஏற்றுள்ளது. 2015இல் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கை அரசும் இவற்றுக்கு இணங்கி, 2020இல் அத்தீர்மானத்துக்கான இணை அனுசரணையிலிருந்து விலகியது. ஆகவே வாக்குறுதியை மட்டும் நம்பியிருக்க முடியாது.

ஆர்ஜென்டினாவில் காணாமற்போனோர் பற்றிய சாட்சியங்கள் 1984இல் அறிக்கையாயின. பின்னர் வந்த சட்டங்கள் வழக்குகளைத் தடுத்தன. 2005இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கியபோது, எழுதிவைத்த சாட்சியங்கள் மீண்டும் பயன்பட்டன. எழுதியது காத்திருக்கும், எழுதாதது சாட்சியோடு மறைந்துவிடும்.

செயற்படுவோம்

1. நடந்ததைத் திகதி, இடம், கண்டவர் பெயருடன் எழுதுங்கள். காணி உறுதி, அனுமதிப்பத்திரம், குடும்ப அட்டை ஆகியவற்றின் பிரதிகளை இரண்டு இடங்களில் வையுங்கள்.

2. அரச அதிகாரியால் அடிப்படை உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்தில் மனுச்செய்ய ஒரு மாதமே உண்டு. மனித உரிமைகள் ஆணைக்குழுவிலும் அதற்குள் முறைப்பாடு செய்யுங்கள்.

3. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஒருவரைக் கைதுசெய்தால் 48 மணித்தியாலத்துக்குள் அவ்வாணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம். அறிவித்தார்களா என்று உடனே கேளுங்கள்.

4. சாட்சியைத் தனியே விடாதீர்கள். நீதிமன்றத்துக்கு நால்வராவது கூடச் செல்லுங்கள்.

5. அயலவரின் துயரையும் பதியுங்கள். 2006 ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம் குடும்பங்களும் கந்தளாய்ப் பக்கம் ஓடின. ஒரு பக்கம் மட்டும் அடைத்த வேலி வேலியாகாது.

கூடிப் பேசுவோம்

- நமது ஊரில் நடந்தவற்றுள் இன்னும் எழுதப்படாதது எது?
- அதை அறிந்த முதியவர் யார்? அவரிடம் இந்த வாரமே செல்பவர் யார்?