காற்றை எதிர்த்து ஓடும் கடல் நீரோட்டம்

நம் மேற்குக் கரையோரக் கடல் எடுத்த எடுப்பில் ஆழமாகிவிடுவதில்லை. மும்பைக்கு நேரே சுமார் 300 கிலோமீட்டர் வரை ஆழம் குறைந்த திட்டாகவே செல்கிறது; கேரளக் கரையில் இதன் அகலம் மிகக் குறைவு. திட்டின் விளிம்பைத் தாண்டியதும் தரை ஆயிரக்கணக்கான மீட்டர் இறங்குகிறது. இதுவே கண்டச்சரிவு. உலகச் சராசரியில் 14-க்கு 1 என்ற சரிவு. புனே போகையில் போர்காட்டில் நாம் ஏறும் ஏற்றம் 37-க்கு 1 தான். அதற்கே பல ரயில்களுக்குப் பின்னாலும் என்ஜின் கட்டித் தள்ள வேண்டியிருக்கிறது!

இந்தச் சரிவை ஒட்டி ஒரு நீரோட்டம் உண்டு. தென்மேற்குப் பருவத்தில் கேரளக் கரையோரம் காற்று வடமேற்கிலிருந்து கரையை ஒட்டி வீசும். நீரோட்டமும் தெற்கே ஓடும். பூமி சுழல்வதால், காற்று தள்ளும் மேல்நீர் நம் வட கோளத்தில் காற்றுக்கு வலப்புறமாக நகர்கிறது. ஸ்வீடன் அறிஞர் எக்மன் 1905-இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். மேல்நீர் கரையை விட்டு விலக, கீழிருந்து சத்துமிக்க குளிர்நீர் ஏறி வருகிறது. மத்திக்கும் அயிலைக்கும் அது விருந்து.

வியப்பு இனிமேல்தான். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே காற்று வடக்கிலிருந்தே மெல்ல வீசுகிறது. நீரோட்டமோ அதை எதிர்த்து வடக்கே ஓடுகிறது! தள்ளுவது யார்? வங்காள விரிகுடாவில் வீசும் காற்று. அங்கே எழும் கடல்மட்ட மாற்றம் கெல்வின் அலையாகிறது. கரையை எப்போதும் வலப்புறம் வைத்தபடி, இலங்கையைச் சுற்றி, விநாடிக்கு 2, 3 மீட்டர் வேகத்தில் மேற்குக் கரையேறுகிறது. கூட்ஸ் வண்டியை என்ஜின் ஒரு முனையில் இடித்தால், பஃபர் பஃபராக அந்த இடி கடைசி வேகனுக்குப் போய்ச் சேருமல்லவா? கடைசி வேகன் என்ஜினைப் பார்த்ததே இல்லை. விரிகுடாவின் உப்புக் குறைந்த ஆற்றுநீரும் பின்னாலேயே மெதுவாக லட்சத்தீவுக் கடலுக்கு வருகிறது.

புயலின் கதை வேறு. ஓரிரு நாள் சூறைக்காற்று மேல்நீரைச் சுழற்றிவிட்டுப் போனபின்பும், நீர் பல நாள் வட்டமடிக்கும். மும்பைக்கு நேரே ஒரு சுற்றுக்குச் சுமார் 37 மணி, சென்னைக்கு நேரே சுமார் 53 மணி. வானம் தெளிந்துவிட்டதே என்று மீனவர் வலை இறக்கினால், வலை ஒரு பக்கம், படகு ஒரு பக்கம்.

இதெல்லாம் ஏட்டுப் படிப்பு என்று தள்ளிவிட முடியாது. என்ஜின் பழுதாகி மிதந்து போகும் படகை உள்ளூர்க் காற்றை மட்டும் பார்த்துத் தேடினால், தேடும் திசையே தவறிவிடலாம். அதனால்தான் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தார் இந்தச் சரிவில் கருவிகளை நங்கூரமிட்டு, ஒலி அலை அனுப்பி, ஒவ்வொரு ஆழத்திலும் நீரின் வேகத்தை அளக்கிறார்கள்.