குலை நோயும் நாட்டு நெல் ரகங்களும்

நாட்டு ரகங்களை நோய் அண்டாது என்று உழவர் கூட்டங்களில் அடிக்கடி சொல்லப்படுகிறது. இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் முழுவதையும் நம்பி விதை விட்டால் நஷ்டப்பட நேரிடும். குலை நோயை எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம்.

1919-ஆம் ஆண்டில் தஞ்சை டெல்டாவில் குலை நோய் கடுமையாகப் பரவிப் பெருஞ்சேதம் விளைவித்தது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் 1922-இல்தான் தொடங்கப்பட்டது. ஆகவே அன்று வயல்களில் இருந்தவை உழவர்கள் வழிவழியாகக் காத்து வந்த ரகங்களே. அவற்றையும் நோய் விடவில்லை. பின்னாளில் தஞ்சை உழவர்கள் விரும்பிப் பயிரிட்ட கொரங்குச் சம்பா (ஆடுதுறை 10) இந்நோய்க்கு எளிதில் இலக்காயிற்று. ஆனைக்கொம்பன் என்னும் நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த கோ 4 நோயைத் தாங்கி நின்றது. இவ்விரண்டையும் கலப்புச் செய்து உருவாக்கப்பட்டதே கோ 25 ரகம். கொரங்குச் சம்பாவும் நாட்டு நெல்தான், ஆனைக்கொம்பனும் நாட்டு நெல்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். புதிய ரகங்களும் இப்படியே. விளைச்சலுக்குப் பெயர் பெற்ற ஐ.ஆர். 50 குலை நோய்க்கு மிகவும் எளிதில் ஆளாகும்.

இதற்குக் காரணம் என்ன? குலை நோயை உண்டாக்கும் பூசணத்தில் பல இனங்கள் உள்ளன. ஒவ்வொரு நெல் ரகமும் அவற்றில் சிலவற்றை மட்டுமே தடுக்க வல்லது. ரகம் பூட்டு என்றால் பூசணத்தின் இனம் சாவி. ஊர் முழுதும் ஒரே பூட்டு இருந்தால், அதற்குப் பொருந்தும் சாவி ஒன்று தோன்றியதும் எல்லா வயலும் திறந்துகொள்ளும். பூசணமோ காற்றில் பறக்கும் வித்துகளைக் கணக்கின்றி உண்டாக்குவது. புதிய சாவி கிடைக்க அதற்கு அதிக நாள் ஆவதில்லை. இரவில் குளிர்ந்து, இலையில் பனி தங்கி, தழைச்சத்தும் மிகுந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். இலையில் கண் வடிவப் புள்ளிகளாகத் தொடங்கும் நோய் கதிரின் கழுத்தைப் பற்றினால் மணி பிடிக்காமல் கதிர் பதராகிவிடும்.

எனவே பயிரைக் காப்பது ரகத்தின் பழமை அன்று, ரகங்களின் பலவகைமை. இதைப் பெரிய அளவில் மெய்ப்பித்துக் காட்டியவர்கள் சீனாவின் யுன்னான் மாநில உழவர்கள். அங்கே நல்ல விலை போகும் பழைய ஒட்டரிசி நெல் ஒன்று உண்டு. அது குலை நோய்க்கு எளிதில் ஆளாவதால் பூசணக்கொல்லி தெளித்தும் சமாளிப்பது கடினமாக இருந்தது. 1998-இல் 812 ஹெக்டேரிலும் 1999-இல் 3,342 ஹெக்டேரிலும் நோய் தாங்கும் வீரிய ஒட்டு நெல்லின் வரிசைகளுக்கு நடுவே இந்தப் பழைய நெல்லை ஒவ்வொரு வரிசையாக நட்டார்கள். தனியே நட்ட பழைய நெல்லோடு ஒப்பிட, ஊடே நட்டதில் குலை நோய் 94 சதம் குறைந்தது. அதன் விளைச்சல் 89 சதம் கூடியது. இரண்டாண்டு முடிவில் பூசணக்கொல்லி தெளிப்பதையே விட்டுவிட்டார்கள். பழைய நெல்லிலிருந்து கிளம்பிய வித்துகள் பெரும்பாலும் பொருந்தாத பயிரின் மேல் விழுந்து வீணாயின. அது உயரமான ரகமாதலால் கதிர்கள் மேலே வெயிலும் காற்றும் பட்டு விரைவில் உலர்ந்ததும் ஒரு காரணம்.

நம் ஊரில் இதை அப்படியே செய்யலாமா? அங்கே கையால் தனித்தனியே அறுத்தார்கள். இங்கு இயந்திர அறுவடையில் இரண்டு நெல்லும் கலந்து விலை கெடும். சொந்த ஆள் உதவியோடு அறுப்பவர்கள், உயரம் வேறுபட்டாலும் வயது நெருங்கிய இரு ரகங்களை ஐந்து, பத்து சென்டில் வைத்துப் பார்ப்பதில் தவறில்லை. மற்றவர்கள் வயலுக்கு வயல் ரகத்தை மாற்றலாம். வரிசைக் கலப்பு தரும் அளவுக்கு அது நோயைத் தடுக்காது. எனினும் ஒரு வயல் போனால் மற்றொன்று கைகொடுக்கும். வாய்க்காலுக்கு இருபுறமும் உள்ளவர்கள் கலந்து பேசி ரகங்களைப் பிரித்துக்கொண்டால் இன்னும் நல்லது.

நாட்டு ரகம் பயிரிடுவோர் நோய் கண்ட வயலிலிருந்து விதை எடுக்கக் கூடாது. விதைக்குமுன் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து நேர்த்தி செய்யவும். தழைச்சத்தை ஒரே தடவையில் இடாமல் பிரித்து இடவும். உயரமான ரகங்களில் அது மிகுந்தால் நோயோடு சாய்வும் சேரும்.

குலை நோய் பரவிய ஆண்டில் அக்கம்பக்கம் எல்லாம் பதராகியும் ஒரு பழைய நெல் மட்டும் பசுமையாக நின்றால், அதன் பெயரையும் வயலையும் குறித்து வையுங்கள். அதன் கதிர்களைத் தனியே அறுத்து நன்கு காயவைத்து ஒரு பிடி விதையாவது எடுத்து வைத்து, அருகிலுள்ள ஆராய்ச்சி நிலையத்துக்குத் தெரிவியுங்கள். ஆனைக்கொம்பனும் இப்படி எவரோ ஓர் உழவர் கைவிடாமல் வைத்திருந்த நெல்தான். 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டப்படி, அத்தகைய ரகத்தை உழவர் தம் பெயரிலேயே பதிவு செய்துகொள்ளவும் வழி உண்டு.