மடல் எங்கே நின்றது?

தாமே மின்னஞ்சல் சர்வர் நடத்துவோர் பலர், மடல் சேரவில்லையென்றதும் அமைப்புகளை மாற்ற முனைகின்றனர். முதலில் சர்வரின் பதிவேட்டைப் படிக்க வேண்டும் என்பதே என் கருத்து.

1982இல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்.எம்.டி.பி. நெறிப்படி, பெறும் சர்வர் மூன்றிலக்க எண்ணால் விடையளிக்கும். முதல் இலக்கம் 2 எனில் மடல் ஏற்கப்பட்டது. 4 எனில் தடை தற்காலிகமானது; நம் சர்வர் தானே மீண்டும் முயலும். 5 எனில் மறுப்பு உறுதி; உடன்வரும் வாசகம் பெரும்பாலும் காரணத்தைச் சொல்லும். எண்ணே வராவிடில், 25ஆம் போர்ட் அடைபட்டிருக்கலாம்.

ஏற்கப்பட்ட மடல் ஸ்பேமில் கிடந்தால், அனுப்புநரை மெய்ப்பிக்கும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். பதிவுகளைச் சோதிக்க வேண்டும். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் இவற்றுள் ஒன்றையேனும் கோருகிறது.

தேர்வு அழைப்பொன்று தவறினால் மாணவர் ஓர் ஆண்டையே இழக்கலாம். ஆகவே அனுப்பியதோடு நம் கடமை முடிவதில்லை. சேர்ந்ததா எனக் காண்பதும் கடமையே.