உணவுப் பொட்டலத்தில் உறையும் டிரான்ஸ் கொழுப்பு – ஓர் ஆய்வு

முன்னுரை

திருக்குறளின் 95ஆம் அதிகாரத்திற்கு ‘மருந்து’ என்று பெயர். ஆயின், அதில் வள்ளுவர் மருந்தினும் உணவின் அளவையே மிகுதியாகப் பேசுகிறார். திருக்குர்ஆனோ உணவு ‘ஹலால்’ ஆக இருப்பதோடு ‘தய்யிப்’ ஆகவும், அதாவது தூயதாகவும் நலம் பயப்பதாகவும் இருத்தல் வேண்டும் என்கிறது. இவ்விரு நெறிகளையும் போற்றும் நாம், கடையில் வாங்கும் பொட்டலத்தின் பின்புறத்தைப் படிக்கின்றோமா? ராசிங்காபுரத்துப் பெட்டிக்கடையிலும் போடிநாயக்கனூர்ப் பேக்கரியிலும் ஏலமலைச் சரிவின் தேநீர்க்கடையிலும் கேட்க வேண்டிய வினா இது.

டிரான்ஸ் கொழுப்பு யாது?

தாவர எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில், இரட்டைப் பிணைப்பின் இரு ஹைட்ரஜன் அணுக்களும் இயல்பாக ஒரே பக்கத்தில் நிற்கும். அதனால் மூலக்கூறு வளைந்திருக்கும். எண்ணெயும் நீர்மமாக இருக்கும். நிக்கலை வினையூக்கியாகக் கொண்டு ஹைட்ரஜனை ஓரளவு ஏற்றினால், சில பிணைப்புகள் நிறைவுறுகின்றன. வேறு சிலவற்றில் அணுக்கள் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு மாறிவிடுகின்றன. இதுவே டிரான்ஸ் கொழுப்பு. நிமிர்ந்த மூலக்கூறுகள் நெருங்கி அடுங்குவதால் எண்ணெய் நெய்போல் உறைகிறது.

இம்முறைக்கு 1902இல் ஜெர்மானிய வேதியியலர் வில்ஹெல்ம் நார்மன் காப்புரிமை பெற்றார். 1930களில் ‘டால்டா’ வனஸ்பதி நம் நாட்டுச் சமையலறைகளில் புகுந்தது. விலை குறைவு, நெடுநாள் கெடாமை, பப்ஸுக்கும் பிஸ்கட்டுக்கும் மொறுமொறுப்பு ஆகியவை அதன் செல்வாக்கிற்குக் காரணங்கள். ஆனால் இக்கொழுப்பு, தீய கொலஸ்டிராலாகிய எல்.டி.எல்.-ஐ உயர்த்தி, நல்ல கொலஸ்டிராலாகிய எச்.டி.எல்.-ஐத் தாழ்த்தி, இதய நோய்க்கு வழிவகுக்கிறது.

சட்டத்தின் நிலை

2003இல் டென்மார்க் முதன்முதலாக இதற்கு 2 விழுக்காடு வரம்பிட்டது. 2018இல் உலக நலவாழ்வு நிறுவனம் இதனை ஒழிக்க அறைகூவல் விடுத்தது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் எண்ணெய், கொழுப்பு வகைகளில் 2021 முதல் 3 விழுக்காடும், 2022 சனவரி முதல் 2 விழுக்காடும் உச்ச வரம்பாக்கியது. எண்ணெய் சேர்த்துச் செய்யும் உணவுகளில், அவற்றிலுள்ள மொத்தக் கொழுப்பில் 2 விழுக்காடே இன்று வரம்பு.

படிக்கும் முறை

முதலாவது, சேர்பொருள் பட்டியல். அது எடை மிகுந்ததிலிருந்து குறைந்ததற்கு இறங்குவரிசையில் அமையும். அதில் ‘ஹைட்ரஜனேட்டட் வெஜிடபிள் ஃபேட்’, ‘வனஸ்பதி’, ‘பேக்கரி ஷார்ட்டனிங்’, ‘மார்கரின்’ என்னும் சொற்கள் முன்வரிசையில் வந்தால் விழிப்புக் கொள்ளல் வேண்டும்.

இரண்டாவது, ஊட்டச்சத்து அட்டவணை. 100 கிராமுக்குரிய ‘டிரான்ஸ் ஃபேட்’ அளவை நோக்குக. 20 கிராம் கொழுப்புள்ள 100 கிராம் பிஸ்கட்டில் சட்டப்படி 0.4 கிராம் வரை இருக்கலாம். ஒருவர்க்கு நாளொன்றுக்கு உச்ச அளவு சுமார் 2 கிராம்.

மூன்றாவது, ‘டிரான்ஸ் ஃபேட் ஃப்ரீ’ என்னும் முகப்பு விளம்பரம். 100 கிராமில் 0.2 கிராமுக்குக் குறைந்தாலே அவ்வாறு அச்சிடலாம். ஆகவே ‘இல்லை’ என்பது முற்றிலும் இல்லை என்பதன்று. மேலும், அதன் அருகில் ‘சேச்சுரேட்டட் ஃபேட்’ எனப்படும் நிறைவுற்ற கொழுப்பு மிகுந்திருப்பின் அவ்விளம்பரத்தால் பயனில்லை.

மொழியும் எழுத்தில்லா உணவும்

இங்கு இரு குறைகளைச் சுட்டல் கடன். பொட்டலக் குறிப்புகள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்கிறது விதி. பிற மொழியைக் கூடுதலாகச் சேர்ப்பது விற்பவர் விருப்பம். தமிழ் மட்டுமே அறிந்த தோட்டத் தொழிலாளிக்கு அவ்வட்டவணை இருந்தும் இல்லாததே. இரண்டாவதாக, கண்ணாடிப் பெட்டியில் அடுக்கிய பப்ஸுக்கும், நோன்பு திறக்கும் வேளையில் வாங்கும் சமோசாவுக்கும் சீட்டே இல்லை. அங்கே “எந்த எண்ணெயில் செய்தீர்கள்? எத்தனை முறை காய்ச்சினீர்கள்?” என்று கேட்பதே நாம் படிக்கும் சீட்டாகும்.

முடிவுரை

வீட்டுக்கு ஒரு மாணவர், பெற்றோர் வாங்கிவரும் பொட்டலத்தை எடுத்து, அதன் சிற்றெழுத்தைத் தமிழாக்கிப் படித்துக் காட்டுவாராயின், அதுவும் ஒரு தமிழ்த்தொண்டே. பள்ளிவாசல்களிலும் சமுதாயக் கூடங்களிலும் பெரு விருந்து சமைக்கும் பெரியோர்கள், வனஸ்பதியை நீக்கி நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் அளவோடு பயன்படுத்துமாறு பணித்தல் வேண்டும். கற்றவர் படித்துச் சொல்ல, மூத்தோர் முன்னின்று நடத்தினால், இவ்வூர்களின் இதயங்கள் நலம் பெறும் என்பது திண்ணம்.