புரூஃப் மேசையில் ஆறு வாரம்

கேள்வி: ஐந்து பேர் மட்டுமே உள்ள பத்திரிகை அலுவலகத்தில் பயிற்சி எழுத்தாளராகச் சேர்ந்து ஆறு வாரம் ஆகிறது. புரூஃப் பார்ப்பதும் டீ வாங்குவதும்தான் வேலை. எப்போது எழுத விடுவார்கள்?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: டீ வாங்க முறை வைக்கச் சொல்லுங்கள், கூச்சமே வேண்டாம். புரூஃபை மட்டும் விட்டுவிடாதீர்கள். 'வேலை பார்த்தான்' என்பதில் ஒற்று மிகுமா என்று ஆசிரியர் உங்களைக் கேட்கும் நாளில் நீங்கள் அங்கே தவிர்க்க முடியாத ஆள். (மிகாது.) எழுத்தாளர் அசோகமித்திரனே ஜெமினி ஸ்டுடியோவில் செய்தித்தாள்களைக் கத்தரித்துக் கோப்பில் சேர்த்துக்கொண்டிருந்தவர், அந்தச் சினிமா உலகம்தான் பிறகு 'கரைந்த நிழல்கள்' நாவலானது. சின்ன அலுவலகத்தில் ஆசிரியர் கூப்பிடு தூரத்தில்தான் இருப்பார். வாய்ப்பு கேட்டு நிற்காமல், இதழ் முடிக்கும் நாளுக்கு முந்தின நாள் 100 வார்த்தையில் ஒரு துணுக்கை அவர் மேசையில் வையுங்கள். ஏதாவது ஒரு பக்கத்தில் இடம் காலியாகத்தான் இருக்கும். பெயர் போடச் சொல்லவும் மறக்காதீர்கள்.