மலத்தில் ரத்தம் போனால் மூலம்தானா?



சென்ற ஆண்டு ஆடி மாதம் வாலாஜா பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு, தவணை எல்லாம் வசூலாகி, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து போடும் நேரம். ஒரு அக்கா என்னைத் தனியாக அழைத்து, "ஆறாயிரம் உள்கடன் கேட்டிருக்கேனே மேடம், அது மூலத்துக்கு. மத்தவங்க கிட்ட சொல்லிடாதீங்க" என்றார். ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்பவர். எட்டு மாதமாக மலத்தோடு ரத்தமும் சளியும் போகிறதாம். ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை. வேலை நடுவில் அடிக்கடி எழுந்து போக முடியாது என்று மதியச் சாப்பாட்டையே நிறுத்திவிட்டார். உடம்புச் சூடு என்று மோர், அப்புறம் நாட்டு மருந்து, அப்புறம் மெடிக்கலில் கேட்டு வாங்கிய பேதி மாத்திரை. வீட்டுக்காரருக்குக் கூடத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்த்ததில் அது மூலமே இல்லை. அல்சரேடிவ் கோலைட்டிஸ், அதாவது பெருங்குடலின் உள்பக்கம் வீங்கிப் புண்ணாகும் நோய். ஆசனவாய்க்கு மேலே தொடங்கி மேல்நோக்கிப் பரவும். இருபது, முப்பது வயதுக்காரர்களுக்குத்தான் அதிகம் வருகிறது. தொற்று நோய் இல்லை. ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது.

ஏன் வருகிறது என்று அந்த அக்கா கேட்டார். நானும் டாக்டர்களிடம் கேட்டு, படித்துப் புரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

நம் பெருங்குடலில் கோடிக்கணக்கான கிருமிகள் குடியிருக்கின்றன. கிருமி என்றாலே நோய் என்று நினைக்காதீங்க. மாவைப் புளிக்க வைப்பதும் பாலைத் தயிராக்குவதும் கிருமிகள்தானே? குடலில் இருப்பவை, நமக்குச் செரிக்காமல் வரும் நார்ச்சத்தையும் ஒருவகை மாவுச்சத்தையும் தின்று, பியூட்டிரேட் என்ற அமிலத்தைத் தருகின்றன. பெருங்குடலின் உள்தோலுக்கு அதுதான் முக்கியமான சாப்பாடு. (வெண்ணெயில் இருந்து வந்த பெயர் அது. அதற்காக வெண்ணெய் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று யாரும் கிளம்ப வேண்டாம்!)

இதைப் பற்றி நம்ம வேலூரிலேயே ஆராய்ச்சி நடந்திருக்கிறது. சி.எம்.சி.யின் குடல்நோய்ப் பிரிவினர் 2013-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். இந்த நோய் உள்ளவர்களின் மலத்தையும் ஆரோக்கியமானவர்களின் மலத்தையும் ஒப்பிட்டார்கள். பியூட்டிரேட் தரும் ஒரு முக்கியமான பாக்டீரியா கூட்டம் நோயாளிகளிடம் குறைந்திருந்தது, அதில் இருக்கும் வகைகளும் குறைந்திருந்தன. அங்கேயே டாக்டர் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்த வேறு ஒரு ஆய்வு 2000-ல் வெளிவந்தது. காலரா வந்த 48 பேரில் ஒரு பிரிவினருக்கு உப்பு சர்க்கரைக் கரைசலோடு எளிதில் செரிக்காத மக்காச்சோள மாவைக் கலந்து கொடுத்தார்கள். அவர்களுக்குப் பேதி சீக்கிரம் நின்றது. அந்த மாவைத் தின்றது குடல் கிருமிகள், பலன் கிடைத்தது மனுஷங்களுக்கு.

பாக்டீரியா மட்டுமில்லை, குடலில் பூஞ்சையும் இருக்கிறது. பாரிஸ் நகர ஆய்வாளர்கள் 2017-ல் குடல் அழற்சி நோயாளிகள் 235 பேரைப் பார்த்தபோது, காண்டிடா என்ற பூஞ்சை கூடியிருந்தது. ரொட்டி மாவை உப்ப வைக்கும் ஈஸ்ட் குறைந்திருந்தது. காண்டிடா நமக்குத் தெரியாத ஆளில்லை. கைக்குழந்தை வாயில் வெள்ளையாகப் படிவதும், நம்மில் பலருக்கு அரிப்போடு தயிர்த் திப்பி மாதிரி வெள்ளைப்படுவதும் இதனால்தான். 2022-ல் நியூயார்க்கில் நடந்த ஆய்வில், எல்லாக் காண்டிடாவும் ஒன்றில்லை, சில வகைகள் விடும் நஞ்சுதான் குடலைப் புண்ணாக்குகிறது என்று கண்டார்கள்.

இங்கேதான் மெடிக்கல் ஷாப் மாத்திரையைப் பற்றிச் சொல்லணும். ஆன்டிபயாடிக் மாத்திரை நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் கொல்லும், பூஞ்சையைக் கொல்லாது. பாக்டீரியா காலி செய்த இடத்தில் பூஞ்சை வந்து உட்கார்ந்துகொள்ளும். மூட்டு வலிக்கு நாமாகப் போட்டுக்கொள்ளும் வலி மாத்திரையும் இந்த நோயைக் கிளப்பிவிடலாம். இந்த நோயோடு மூட்டு வலியும் வருவது உண்டு என்பதால் இதில் ஏமாறுகிறவர்கள் நிறைய.

கிருமிக் கூட்டம் குலைவதோடு, உடம்பின் பாதுகாப்புப் படை தன் குடலையே எதிரியாக நினைத்துத் தாக்குகிறது. பரம்பரையும் கொஞ்சம் காரணம். கூட்டத்தில் ஒருவர், "தோல் கழிவுத் தண்ணிதானே மேடம் காரணம்?" என்றார். அந்தத் தண்ணீருக்காக நாம் போடும் சண்டை தனி, அதை விடக்கூடாது. ஆனால் இந்த நோய் அதனால் வருகிறது என்று யாரும் நிரூபிக்கவில்லை.

டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் செய்ததைச் சொன்னபோது எல்லோரும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். கிராமத்து ஆரோக்கியமான ஆட்களின் மலத்தைச் சுத்தமாகக் கரைத்து, வாரம் ஒருமுறை ஏழு தடவை நோயாளியின் குடலில் செலுத்தினார்கள். கூடவே உணவுக் கட்டுப்பாடு. 2022-ல் வெளியான முடிவுப்படி, இப்படிச் சிகிச்சை பெற்ற 35 பேரில் 21 பேருக்கு நோய் அடங்கியது. வழக்கமான சிகிச்சை பெற்ற 31 பேரில் 10 பேருக்குத்தான் அடங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில், பல பரிசோதனைக்குப் பிறகு செய்வது இது. வீட்டில் யாரும் கற்பனைகூடப் பண்ணக்கூடாது.

சாப்பாட்டுக்கு வருவோம். சோறு ஆறும்போது அதில் செரிக்காத மாவுச்சத்து கொஞ்சம் கூடுகிறது. ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்தால் தயிரில் இருப்பது போன்ற நல்ல பாக்டீரியாவும் வளர்கிறது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு எப்படி உதவுகிறது என்று பார்க்க 2021-ல் அரசு நிதியோடு ஆய்வு தொடங்கினார்கள். கேவலமாக நினைத்து நாம் ஒதுக்கிய சாப்பாடு! ஆனால் பழைய சோறு மாத்திரைக்குப் பதிலாகாது. ரத்தம் போகும் நாட்களில் எதைச் சாப்பிடலாம் என்று டாக்டரைத்தான் கேட்கணும்.

இரண்டு வாரத்துக்கு மேல் ரத்தமோ சளியோ போனால், ராத்திரி தூக்கத்தில் எழுந்து ஓட வேண்டியிருந்தால், எடை குறைந்தால், கூச்சப்படாமல் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க. அமீபா, குடல் காசநோய் கூட இப்படியே காட்டும், அதற்கெல்லாம் மருந்து வேறு. மலப் பரிசோதனையும், கேமரா வைத்துச் சதை எடுத்துப் பார்ப்பதும் அதனால்தான். இந்த நோய்தான் என்று உறுதியானால், நல்லா இருக்கிறதே என்று மாத்திரையை நிறுத்தாதீங்க. ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. நோய் தொடங்கி எட்டு வருடம் ஆனவர்களுக்குப் புற்றுநோய் வருகிறதா என்று அவ்வப்போது கேமரா வைத்துப் பார்க்கணும்.

அந்த அக்கா கடைசியில் தானே குழுவில் எழுந்து சொன்னார். சொன்ன உடனே இன்னொருத்தர், "எனக்கும் நாலு மாசமா..." என்று ஆரம்பித்தார். அடுத்த வாரம் ஊக்குநரே கூடப் போய் அவருக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்தார். அவருடையது நிஜமாகவே மூலம்தான்.

அக்கா இப்போது மதியம் சாப்பிடுகிறார். மாத்திரை தொடர்கிறது. கடனில் இன்னும் மூன்று தவணை பாக்கி.