முன்சக்கரத்துல மூட்டை கட்டலாமா? லோ-ரைடர் ரேக்: தேர்வும் பொருத்தலும்

ஆழியாறு தாண்டி வால்பாறை ரோட்டுல ஏறினவங்களுக்கு அந்த 40 கொண்டை ஊசி வளைவும் மறக்காது. பஸ்ல போனா வயித்தைப் பிரட்டும். சைக்கிள்ல போனா ஏறும்போது தொடை எரியும், இறங்கும்போது சொர்க்கம். போன வருஷம் செமஸ்டர் லீவுல நானும் என் ரூம்மேட்டும் போனப்போ, எனக்கு அந்தச் சொர்க்கம் கிடைக்கல. டென்ட், ஸ்டவ், அரிசி, டூல்ஸ்னு மொத்தம் 20 கிலோ, எல்லாமே என் வண்டியோட பின் கேரியர்ல. ஏத்தத்துல முன்சக்கரம் தரையில நிக்காம அலைஞ்சுது. இறக்கத்துல வேகம் கூடினதும் ஹேண்டில்பார் தானாவே நடுங்க ஆரம்பிச்சுது. முழங்காலை ஃபிரேம்ல அழுத்தி, மெதுவா பிரேக் பிடிச்சு, எப்படியோ நிறுத்திட்டேன். அதுக்கப்புறம் கீழ வர்ற வரைக்கும் பாதி தூரம் தள்ளிட்டுதான் வந்தேன்.

வண்டியில குறையில்ல, சுமையும் அதிகமில்ல. சுமை இருந்த இடம்தான் தப்பு. இந்தப் பாடத்துல ரெண்டே கேள்விதான்: எடை எங்க இருக்கு? அதை எது பிடிச்சிருக்கு? முதல் கேள்விக்குப் பதில் லோ-ரைடர் ரேக். ரெண்டாவது கேள்விக்கு நான் தெரிஞ்சுக்கிட்ட பதில் கொஞ்சம் வலியானது. அதைப் பின்னாடி சொல்றேன்.

லோ-ரைடர்னா என்ன?

நம்ம ஊர் சைக்கிள்ல கேரியர்னா பின்சக்கரத்துக்கு மேல இருக்கற தட்டு. லோ-ரைடர் அப்படி இல்ல. முன் ஃபோர்க்கோட ரெண்டு பக்கமும் ஒட்டி நிக்கற கம்பிச் சட்டம் அது. மேல தட்டே கிடையாது. பக்கத்துக்கு ஒரு பை மாட்டினா, பையோட நடுப்பகுதி ஏறக்குறைய சக்கரத்தோட ஆக்ஸில் உயரத்துல நிக்கும். 1980-களின் தொடக்கத்துல அமெரிக்காவுல ஜிம் பிளாக்பர்ன் இந்த வகை ரேக்கைப் பிரபலமாக்கினார். அதுக்கு முன்னாடி, முன்பக்கம் சுமை வைக்கணும்னா பெரும்பாலும் சக்கரத்துக்கு மேல உயரமா வைக்கறதுதான் வழக்கம்.

கொஞ்சம் கணக்கு

முதல் வருஷ எஞ்சினியரிங் மெக்கானிக்ஸ் போதும், பயப்படாதீங்க. வீல்பேஸ் 1.05 மீட்டர். ஆளும் வண்டியும் சேர்ந்து 79 கிலோ, அதுல 40 சதவீதம் முன்சக்கரத்துல, 60 சதவீதம் பின்சக்கரத்துலன்னு வெச்சுக்குவோம். அப்போ முன்னாடி 31.6, பின்னாடி 47.4.

இப்போ 20 கிலோவையும் பின் ரேக்குல மாட்டுறோம். கால் குதி இடிக்காம இருக்கறதுக்காகப் பையைப் பின்னாடி தள்ளித்தான் மாட்டணும். அதனால அதோட நடுப்புள்ளி பின் ஆக்ஸிலுக்கு 8 செ.மீ பின்னாடி போயிடும். பின் ஆக்ஸிலை மையமா வெச்சு மொமென்ட் எடுத்தா, முன்சக்கரத்துல 1.5 கிலோ குறையுது. முன்னாடி 30.1, பின்னாடி 68.9. அதாவது ஏறக்குறைய 30-க்கு 70. சமதளத்துலயே இப்படி. ஏத்தத்துல முன்சக்கரம் ஏன் அலைஞ்சுதுன்னு இப்போ புரியுதா?

அதே 20 கிலோவை முன்னாடி 10, பின்னாடி 10-ன்னு பிரிச்சா முன்னாடி 40.8, பின்னாடி 58.2. அதாவது 41-க்கு 59. சுமையே இல்லாதப்போ இருந்த விகிதம் அப்படியே திரும்பி வந்துடுச்சு!

சரி, முன்னாடிதான் வைக்கணும்னா ஏன் கீழ வைக்கணும்? மூணு காரணம்.

ஒண்ணு, எடை கீழ இருந்தா வண்டியைச் சாய்க்கறதும் நிமிர்த்தறதும் சுலபம்.

ரெண்டு, திருப்பு அச்சு. ஹெட் டியூப் நடுவுல ஒரு நூலைப் பிடிச்சு அதே கோட்டுல தரை வரைக்கும் இழுத்ததா நினைச்சுக்கோங்க. ஹேண்டில் அந்தக் கோட்டைச் சுத்தித்தான் திரும்புது. ஆக்ஸில் அந்தக் கோட்டுக்கு ஏறக்குறைய 4 முதல் 5 செ.மீ முன்னாடி இருக்கும். கோட்டுக்கு முன்னாடி எவ்வளவு தூரத்துல எடை இருக்கோ, வண்டி சாயும்போது அது சக்கரத்தை அந்தப் பக்கமா அவ்வளவு இழுக்கும். கோடு மேல போகப் போகப் பின்பக்கம் சாயுது. அதனால ஆக்ஸிலுக்கு நேர் மேல, உயரத்துல வெச்ச பை கோட்டை விட்டு இன்னும் விலகிடுது. லோ-ரைடர் பையை அந்தக் கோட்டுக்கிட்டயே கொண்டு வருது.

மூணு, ஆட்டம். உயரமான ரேக்குக்கு நீளமான கால் வேணும், நீளமான கால் வளையும். லோ-ரைடர் ஃபோர்க்கை ஒட்டியே நிக்கறதால அந்த ஆட்டம் குறைவு.

ஒண்ணை மறைக்கக் கூடாது. ஹேண்டில் கனமாயிடும். பை பக்கவாட்டுல எவ்வளவு தள்ளி இருக்கோ, அந்தத் தூரத்தோட வர்க்கத்துல நிலைமத் திருப்புத்திறன் கூடும். 15 செ.மீ-ல இருக்க வேண்டிய பை 20 செ.மீ-க்குத் தள்ளிப்போனா 78 சதவீதம் அதிகம். அதனால ஒடுக்கமான ரேக்தான் நல்ல ரேக். முதல் அரை மணி நேரம் எருமையை ஓட்டற மாதிரி இருக்கும். அப்புறம் கை பழகிடும். நேர் ரோட்டுல வண்டி கோடு போட்ட மாதிரி போகும்.

எந்த ரேக் வாங்கறது?

கடைக்குப் போறதுக்கு முன்னாடி உங்க ஃபோர்க்கைக் குனிஞ்சு பாருங்க. விலையும் பிராண்டும் அப்புறம். எந்த ரேக்குனு முடிவு பண்ணறது ஃபோர்க்தான்.

ஃபோர்க் அடியில, ஆக்ஸில் பக்கத்துல மரை போட்ட ஓட்டை இருக்கா? ஃபோர்க் கால் நடுவுல வெளிப்பக்கம் இன்னொரு ஓட்டை இருக்கா? ரெண்டும் இருந்தா நீங்க அதிர்ஷ்டசாலி. டுபுஸ் கம்பெனியோட டாரா மாதிரி, டயருக்கு மேல வளைஞ்சு ரெண்டு பக்கத்தையும் இணைக்கற ரேக் பொருந்தும். அது குரோமோலி ஸ்டீல் குழாய், தாங்கும் எடை 15 கிலோ. அந்த வளைவு ரெண்டு பக்கத்தையும் ஒண்ணா இறுக்கிப் பிடிக்கறதால ஆட்டம் குறையும். ஆனா டயருக்கும் மட்கார்டுக்கும் மேல வளைவு இடிக்காம நிக்குதான்னு பாத்துக்கணும்.

நடு ஓட்டை ஃபோர்க் காலை ஊடுருவி உள்பக்கமும் வெளிய வருதா? அப்போ வளைவே இல்லாத, பக்கத்துக்கு ஒரு துண்டா வர்ற டுபுஸ் டுவோ மாதிரி ரேக்கும் பொருந்தும். ஊடுருவாத ஓட்டையில அதை மாட்ட முயற்சி பண்ணாதீங்க.

ஓட்டையே இல்லாத ஸ்டீல் ஃபோர்க்னா, காலைச் சுத்திப் பிடிக்கற கிளாம்ப் இருக்கு. கிளாம்ப் கீழ வழுக்காம, பெயின்ட் சுரண்டாம இருக்க உள்ள ஒரு ரப்பர் துண்டு வைக்கணும். கார்பன் ஃபோர்க்கா? தயாரிச்ச கம்பெனியே அனுமதிச்சிருந்தா ஒழிய கிளாம்ப் பக்கமே போகாதீங்க. கார்பன் ஒரு இடத்துல நசுங்கினா வெளிய தெரியாம உள்ள விரிசல் விடும். சஸ்பென்ஷன் ஃபோர்க்குக்கு அதுக்குன்னே செஞ்ச ரேக்தான்.

டிஸ்க் பிரேக் வண்டின்னா இடது பக்கம் காலிப்பர் ரேக் காலை இடிக்குதான்னு பாருங்க. பையையும் மறக்காதீங்க. முன்பைகள் சின்னதா இருக்கும். ஆர்ட்லீப் பைகள்ல முன் ஜோடி 25 லிட்டர், பின் ஜோடி 40 லிட்டர். பின்பையை முன்னாடி மாட்டி மிச்சம் பிடிக்கலாம்னு நினைச்சா, பையோட அடி தரைக்கு ரொம்பக் கிட்ட வந்துடும். நம்ம ரோட்டுக்கும் வேகத்தடைக்கும் பைக்குக் கீழ ஒரு சாண் இடைவெளியாவது வேணும்.

மரை கழண்ட கதை

இப்போ அந்த ரெண்டாவது கேள்வி. லோ-ரைடர் வாங்கி, ஹாஸ்டல் வராண்டாவுல நானே மாட்டினேன். ஆலன் கீ இனிமே திரும்பாதுங்கற அளவுக்கு இறுக்கினேன். மறுபடி வால்பாறை. ஏத்தம் அருமை. இறக்கத்துல ஹேண்டில் நடுக்கமே இல்ல. பாதி இறங்கியிருப்போம், வலது பக்கம் "டிக்... டிக்"னு ஒரு சத்தம். ஏதோ கல் டயர்ல ஒட்டியிருக்குன்னு நான் விட்டுட்டேன். பின்னாடி வந்த ரூம்மேட்தான் கத்தினான், "டேய், நிறுத்துடா! பை ஆடுது!"

நிறுத்திப் பாத்தா, நடு போல்ட் மூணு மரை வெளிய வந்து தொங்குது. இன்னும் ரெண்டு வளைவு போயிருந்தா ரேக் சாய்ஞ்சு பை ஸ்போக்குக்குள்ள போயிருக்கும். பின் ரேக் கழண்டா பை தரையில இழுபடும். முன் ரேக் கழண்டா சக்கரம் பூட்டிக்கும், ஆள் ஹேண்டிலுக்கு மேல பறப்பான். எங்களுக்கு இடது பக்கம் பள்ளத்தாக்கு.

இவ்வளவு இறுக்கின போல்ட் எப்படிக் கழண்டுச்சு? அன்னிக்கு ராத்திரி அளந்து பாத்தேன். அந்த ஓட்டை ஊடுருவாதது, ஆழம் 11 மி.மீ. ரேக் காது, வாஷர், நசுங்கின ஸ்பிரிங் வாஷர் எல்லாம் சேர்த்து 8.2 மி.மீ. நான் போட்டது 20 மி.மீ போல்ட். ஓட்டைக்குள்ள போக வேண்டியது 11.8 மி.மீ, இருக்கற ஆழமோ 11. போல்ட் நுனி ஓட்டையோட அடியில முட்டி நின்னுடுச்சு. நான் இறுக்கினது ரேக்கை இல்ல, ஓட்டையோட அடியை! மிச்சமிருந்த 0.8 மி.மீ இடைவெளியை ஸ்பிரிங் வாஷர் அடைச்சிருந்ததால கண்ணுக்கும் தெரியல.

ரேக்கைப் பிடிச்சிருக்கறது போல்ட்டோட தண்டு இல்ல, உராய்வு. மெஷின் டிசைன்ல படிச்சதுதான்: முறுக்கு விசையை, 0.2 பெருக்கல் போல்ட் விட்டத்தால வகுத்தா பிடிவிசை வரும். எம்5 போல்ட்டை 5 நியூட்டன் மீட்டர்ல இறுக்கினா 5000 நியூட்டன். உராய்வு எண் 0.15-ன்னு வெச்சா 750 நியூட்டன் வரைக்கும் ரேக் நகராது. 5 கிலோ பையோட எடை ஏறக்குறைய 50 நியூட்டன், ரெண்டு போல்ட்டுக்குப் பிரிச்சா 25. குழியில விழுந்து 4 மடங்கு ஆனாலும் 100. அதாவது, சரியா இறுகின போல்ட் கழண்டு வர வாய்ப்பே குறைவு. பிடிவிசை இல்லாத போல்ட், ஒவ்வொரு குழியிலயும் கொஞ்சம் கொஞ்சமா தானா திரும்பி வெளிய வந்துடும்.

சரியா மாட்டற முறை

1. முதல்ல போல்ட்டை மட்டும், ரேக் இல்லாம, கையால திருகிப் பாருங்க. பெயின்ட் அடைச்சிருந்தா எம்5 டேப் விட்டுச் சுத்தம் பண்ணுங்க. ஊடுருவாத ஓட்டைன்னா ஈர்க்குச்சி விட்டு ஆழத்தை அளங்க.

2. போல்ட் நீளத்தைக் கணக்குப் போட்டு வாங்குங்க. மரைக்குள்ள குறைஞ்சது 5 மி.மீ போகணும், அலுமினியம்னா 7 அல்லது 8. ஓட்டையோட அடியில முட்டக் கூடாது. எனக்குச் சரியான நீளம் 16 மி.மீ. ஊடுருவற ஓட்டைன்னா உள்பக்கம் நைலாக் நட் போடலாம். ஆனா போல்ட் நுனி ஸ்போக்கையோ டிஸ்க்கையோ தொடக் கூடாது.

3. ரேக் ஃபோர்க்கை ஒட்டி உக்காரணும். ஒரே ஓட்டையில மட்கார்டு கம்பியும் வந்தா, உள்ள ரேக், வெளிய மட்கார்டு. இடைவெளியை நிரப்ப வாஷரா அடுக்காதீங்க. அந்த 100 நியூட்டன் விசை 10 மி.மீ தள்ளி விழுந்தா, எம்5 மரையோட அடிப்பகுதியில வளைவுத் தகைவு ஏறக்குறைய 160 மெகாபாஸ்கல். 20 மி.மீ தள்ளினா 320. ஒவ்வொரு குழியிலயும் இது திரும்பத் திரும்ப நடக்கறதால, போல்ட் ஃபட்டீக் ஆகி ஒரு நாள் முறியும்.

4. எல்லா போல்ட்டையும் முதல்ல தொளதொளன்னு மாட்டுங்க. முன்னாடி நின்னு ரெண்டு பக்கமும் ஒரே உயரமான்னு பாத்துட்டு, நடுத்தர வலிமை திரெட்லாக்கர் ஒரு சொட்டு விட்டு 5 நியூட்டன் மீட்டர்ல இறுக்குங்க. டார்க் ரென்ச் நம்ம வொர்க்‌ஷாப் லேப்ல கேட்டா கிடைக்கும்.

5. பையை மாட்டி, திருப்பு அச்சுக்கு எவ்வளவு கிட்ட வருமோ அவ்வளவு பின்னாடி தள்ளுங்க. ஆனா ஹேண்டிலை முழுசா திருப்பி, பெடலைச் சுத்தி, ஷூ நுனி பையைத் தொடுதான்னு பாருங்க. பையோட வார் எதுவும் ஸ்போக் பக்கம் தொங்கக் கூடாது.

6. போல்ட் தலைக்கும் ரேக்குக்கும் சேர்த்து ஒரு கோடா நெயில் பாலிஷ் தடவுங்க. கோடு விலகினா போல்ட் திரும்பியிருக்குன்னு அர்த்தம். முதல் 50 கிலோமீட்டர்ல ஒரு தடவை, அப்புறம் தினமும் காலையில டீக்கு முன்னாடி ஒரு தடவை பாருங்க.

மூட்டை கட்டும்போது

கனமான, இடம் அடைக்காத சாமான் முன்னாடி: டூல்ஸ், அரிசி, ஸ்டவ். துணி, ஸ்லீப்பிங் பேக் மாதிரி லேசானது பின்னாடி. ரெண்டு முன்பையையும் ஸ்பிரிங் தராசுல தொங்கவிட்டுச் சமமாக்குங்க. ரேக் 15 கிலோ தாங்கும்னு எழுதியிருந்தாலும் 10 கிலோவோட நிறுத்திக்கலாம். வண்டியை நிறுத்தும்போது ஹேண்டில் மடங்கிச் சாயும். பிரேக் லீவரை ஒரு ரப்பர் பேண்டால கட்டி வெச்சா சக்கரம் உருளாது.

மூணாவது தடவை வால்பாறையில இருந்து இறங்கினப்போ 16 மி.மீ போல்ட், ஒட்டி உக்காந்த ரேக், சிவப்பு நெயில் பாலிஷ் கோடு. 40 வளைவும் இறங்கி ஆழியாறுல நிறுத்தி முதல் வேலையா குனிஞ்சு பாத்தேன். நாலு கோடும் நேரா இருந்துச்சு. அப்புறம்தான் டீ சொன்னோம்.